சூடு ஆறும்வரை

ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் பிப்ரவரி மாதம் விடிவதில்லை. இருட்டு கொஞ்சம் சாம்பல் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படி ஒரு காலையில் எல்டன் மார்கின் தன் பனிவண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கி, தமாரா கொன்கினின் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான்.

மலையேறும் பனிவண்டிகளுக்கு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ பொருத்தி, அவற்றைப் பேய் பிடித்த மாதிரி ஓட வைப்பதுதான் தமாராவின் தொழில். 'பேய் பிடித்த மாதிரி' என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்வதில்லை.

"தமாராக்கா, பெரிய டர்போ வாங்கிட்டேன். இன்ஜெக்டரும் புதுசு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிக் குடுத்துடு."

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்னடா அவசரம்? கல்யாணமா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்டன் தலையைக் குனிந்துகொண்டு கையுறையை உருவினான்.

ஞாயிற்றுக்கிழமையோடு மித்யா போய் ஒரு வருஷம். மித்யா அவளுடைய ஒரே தம்பி. எல்டனுக்கு நகமும் சதையுமான சிநேகிதன். காலையில் ஜெபக்கூடத்தில் அவர்கள் சபை வழக்கப்படி ரொட்டியும் உப்பும் தண்ணீரும் வைத்துப் பாடுவார்கள். மதியம் வண்டிக்காரர்கள் எல்லோரும் கரடித்தோள் சரிவுக்குப் போய், அவன் பேரைச் சொல்லி ஒவ்வொருவராக ஏறிவிட்டு வருவார்கள்.

"மொத ஆளா நான்தான் ஏறப்போறேன். அவன் தொட முடியாத முகட்ட நான் தொடணும்க்கா. அதுக்குத்தான் இவ்வளவு பலம் கேக்குறேன்."

போன வருஷம் மித்யா அந்த முகட்டுக்குச் சற்றுக் கீழே வண்டியைத் திருப்பியபோது சரிவு முழுக்கக் கழன்று வந்தது. கீழே காத்திருந்தது எல்டன் ஒருவன்தான். இரண்டு பேர் மார்பிலும் பீக்கன் கட்டியிருந்தது. புதைந்தவன் எந்தத் திசையில் கிடக்கிறான் என்று அம்பு போட்டுக் காட்டும் கருவி அது. மித்யா அரை ஆள் ஆழத்தில்தான் கிடந்தான். இத்தனை இருந்தும், எல்டன் அவனைத் தோண்டி எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பீக்கன் சரியா பிடிக்கலக்கா" என்று அன்றைக்கு எல்டன் அழுதான். அழுகிறவனை யார் குடைவார்கள்? ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி மட்டும் தமாராவின் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. சாப்பிடும்போதெல்லாம் குத்தியது.

*

வண்டி மூன்று நாள் அவளிடம் இருந்தது. பழைய டர்போவைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் செருகினாள், கிளட்சின் எடைக் கட்டிகளை மாற்றினாள். வேலை சுலபமாகத்தான் போனது. ஆனால் கை விறைத்தது. அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் போர்ஷ்ட் சூப் கொதித்து, பீட்ரூட் வாசனை பட்டறை முழுக்கச் சுற்றியது. வண்டியின் முன்மூடிக்குள் கையை விட்டால் மட்டும் குளிர் மணிக்கட்டைக் கவ்வியது.

காற்று இழுக்கும் குழாயைத் திறந்தபோது அதன் வாயில் மெல்லிய பனிக்கட்டிப் படலம் படிந்திருப்பதைக் கண்டாள். கண்ணாடிபோல் வழவழப்பாக, உட்பக்கம் குழிந்து இருந்தது.

அவளுக்கு அந்தக் குழிவு தெரியும். பனிக்குள் புதைந்தவனின் மூச்சு முகத்தைச் சுற்றிய பனியை உருக்கும். உருகியது உடனே உறையும். கடைசியில் முகத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணம் கட்டிவிடும். மூச்சுவிட விட அது மூச்சை அடைக்கும். தம்பியின் முகத்திலிருந்து அதை உடைத்து எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

'டிரெய்லர்ல வந்த பனி. வேற என்ன?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். படலத்தைச் சுரண்டி அடுப்பின்மேல் போட்டாள். சுர்ரென்று ஆவியானது. மனம் கொஞ்சம் ஆறியது.

சனிக்கிழமை மதியம் எஞ்சினைக் கிளப்பினாள். மடிக்கணினியை இணைத்து, பெட்ரோலும் காற்றும் சேரும் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினாள். வண்டி தாங்கியின்மேல் நின்று உறுமியது. டர்போ கீச்சென்று விசிலடித்தது. நல்ல எஞ்சின் சத்தம் கேட்டால் அவள் முகம் தானாக மலரும். அன்றும் மலர்ந்தது. பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அது புதிதில்லை. அவள் கைவேலைதான். வண்டி வாங்கிப் போகிற ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "ஏறிட்டு வந்தவுடனே அணைக்காதீங்கடா. டர்போ பழுத்துக் கெடக்கும். சூடு ஆறும்வரை சும்மா ஓடட்டும்." இடுப்பில் கைவைத்து, மூக்கைச் சுளித்து, மித்யா அவளைப்போலவே இதைச் சொல்லிக் காட்டுவான். கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எவ்வளவு சொல்லியும் பயல்கள் கேட்காததால், எல்லா வண்டியிலும் ஒரு டைமர் வைத்துவிட்டாள். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் இரண்டு நிமிஷம் தானாக ஓடி, டர்போவை ஆறவைத்துவிட்டு நிற்கும்.

இரண்டு நிமிஷம் கடந்தது.

நிற்கவில்லை.

அவள் ஒரு கிண்ணம் போர்ஷ்ட் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாள். டுக் டுக் டுக் என்று அடங்கிய குரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டைமரின் வயரைப் பிடுங்கினாள். ஓடியது. நிறுத்துக் கயிற்றின் மூடியைப் பிடுங்கினாள். ஓட்டுகிறவன் விழுந்தால் எஞ்சின் உடனே செத்துப்போக வேண்டும் என்பதற்காக, அவன் ஜாக்கெட்டில் மாட்டும் கயிறு அது.

அதற்கும் ஓடியது.

அப்போதுதான் சுவர்ப்பக்கம் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஆணியில் மித்யாவின் பீக்கன் தொங்கியது. ஒரு வருஷமாக அங்கேதான் தொங்குகிறது. பேட்டரி கசியக் கூடாதே என்று அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டாள்.

பீப்.

அலமாரியிலிருந்து தன் பீக்கனை எடுத்தாள். அதைத் தேடும் நிலைக்குத் திருப்பினாள். ஆணியைக் காட்ட வேண்டிய அம்பு கிறுகிறுவென்று சுழன்றது. இடம் காட்டியது, வலம் காட்டியது, கூரையைக் காட்டியது. எங்கேயும் நிற்கவில்லை.

"மித்யா" என்றாள், தன்னை அறியாமல்.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் அம்பும் அசையாமல் நின்றது. அது ஆணியைக் காட்டவில்லை. வண்டிக்கு நேர் கீழே, சிமெண்ட் தரையைக் காட்டியது.

எஞ்சின் தானாக மறுபடி கிளம்பியது. அம்பு சுழன்றது. எஞ்சின் நின்றது. அம்பும் நின்றது. மறுபடி கிளம்பியது. மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல, அவளுக்குப் புரியும்வரை அது அதையே செய்தது.

புரிந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தேடும்போது பக்கத்தில் எந்த எஞ்சினும் ஓடக்கூடாது. ஓடினால் பீக்கன் குழம்பும். மலைக்குப் போகிற எல்லோருக்கும் அது மனப்பாடம். சூடு ஆறும்வரை டர்போவை அணைக்கக்கூடாது. அதுவும் எல்லோருக்கும் மனப்பாடம், அவள் புண்ணியத்தில். இரண்டு பாடமும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று யாரும் யோசித்ததில்லை. அவளும்தான்.

*

எல்டன் சாயங்காலம் வந்தான். வாசலில் நின்றே வண்டியைப் பார்த்து, "அட, ராசாத்தி மாதிரி நிக்கிறா" என்றான்.

"அன்னிக்கு உன் வண்டிய எங்கடா நிறுத்துன?"

"என்னிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவன் முகம் வெளுத்தது.

"பனி சரிஞ்சு நின்னவுடனே ஏறிப்போனேன். அவன் கையுறை ஒண்ணு கெடந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே நிறுத்துனேன்."

"எஞ்சின்?"

"சாவியத் திருப்புனேன்."

"நிறுத்துக் கயிறு உன் ஜாக்கெட்டுலதான மாட்டியிருந்துச்சு? எறங்கி நடந்தா மூடி கழண்டு எஞ்சின் செத்திருக்குமே!"

எல்டனின் விரல்கள் ஜாக்கெட்டின் கொக்கியைத் தடவின.

"கழட்டி விட்டுட்டு எறங்குனேன்க்கா. பழக்கதோஷம். முழு வேகத்துல ஏறி வந்த டர்போ... சூடு ஆறும்வரை ஓடட்டும்னு..." சட்டென்று அவன் குரல் உயர்ந்தது. "நீதான சொன்ன? ஒரு நாளைக்கு நாலு தடவ நீதான சொல்லுவ? டைமர் உன்னுது! ரெண்டு நிமிஷத்துல நிக்கும்னு சொன்ன. அது நிக்கவே இல்ல! அம்பு பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துது, நானும் அது பின்னாடியே சுத்துறேன், எஞ்சின் ஓடுறதே என் காதுல விழல!"

அடி வாங்கியவள்போல் தமாரா ஒரு எட்டு பின்வாங்கினாள். இந்தப் பயல் பொய் சொன்னதைவிட உண்மை சொன்னது அதிகமாக வலித்தது. கோபப்படக்கூட அவளுக்குப் பாதி உரிமைதான் இருந்தது.

பிறகு வெட்டுக்கருவியை எடுத்து, டைமரின் வயர்களை அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாக நறுக்கினாள். பெட்டியைப் பிடுங்கி அடுப்புக்குள் எறிந்தாள்.

"போகாதடா நாளைக்கு. இந்த வண்டி சரியில்ல. நான் ஏத்துன பலமெல்லாம் வேண்டாம். போகாத."

"அவனுக்காகத்தான்க்கா போறேன்."

"அவன் கூப்பிடலடா!"

எல்டன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஆணியில் தொங்கிய பீக்கன் அவன் தலை மறையும்வரை பீப் அடித்தது. அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கரடித்தோளின் அடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. கிழவர் லோர்ன், மலை மீட்பில் முடி நரைத்தவர், ஒவ்வொருவர் பீக்கனையும் சோதித்து அனுப்பினார். தமாரா எல்டனிடம் கடைசியாக ஒரு தடவை போனாள். நிறுத்துக் கயிற்றை அவன் ஜாக்கெட்டில் தானே மாட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"இதக் கழட்டுன, நானே உன்னக் கொன்னுடுவேன்."

"சரிக்கா" என்றான், சின்னப் பையன்போல.

அவன் ஏறினான். எஞ்சின் அவள் செய்து கொடுத்த பலத்தையெல்லாம் காட்டியது. முகட்டை எட்டிப்பிடிக்கும் தூரத்தில், சரிவின் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

பிறகு முழு மலையும் நகர்ந்தது.

பனிப்புகை அடங்கியதும் எல்லோரும் பனிக்குவியல்வரை வண்டியில் ஏறிப்போனார்கள். லோர்ன் கத்தினார். "எல்லா எஞ்சினும் அணைங்க! எல்லாம்!" ஏறிப்போனவர்கள் இறங்குமுன் அணைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தங்கள் செத்தன.

ஒன்று மட்டும் சாகவில்லை.

டுக் டுக் டுக்.

எல்டனின் வண்டி, யாரோ கொண்டுவந்து நிறுத்தியதுபோல், பனிக்குமேல் நிமிர்ந்து நின்றது. கயிற்றின் மூடி கழன்றிருந்தது. டைமர் இல்லை. ஆனாலும் ஓடியது. சுற்றி நின்றவர்களின் கையில் அம்புகள் கிறுகிறுத்தன.

"எவன்டா அத இன்னும் அணைக்காம இருக்கான்?" லோர்ன் முன்மூடியைப் பிடித்து இழுத்தார். அது உறைந்து ஒட்டியிருந்தது. நிறுத்தும் பொத்தானைக் குத்தினார். வண்டியைப் புரட்டித் தள்ள நாலு பேர் தோள் கொடுத்தார்கள். பாறைபோல் நின்றது.

"வெலகுங்க" என்றாள் தமாரா.

எஞ்சினும் மூச்சுவிட்டுத்தான் வாழ்கிறது. காற்றை அடைத்தால் சாகும். கம்பளிக் கையுறை போட்ட உள்ளங்கையை, முன்மூடியின் பக்கவாட்டில் வெளியே திறந்திருக்கும் காற்றுக் குழாயின் வாயில் அழுத்தினாள். எஞ்சின் திணறியது. உறிஞ்சும் வேகத்தில் கை உள்ளே இழுபட்டது.

பிறகு இழுபடவில்லை.

உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று கையில் பட்டது. உள்ளே போனது. மறுபடி பட்டது.

கம்பளிக்கு அப்பால் இரண்டு உதடுகள் அசைந்தன.

"அக்கா..."

அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். எஞ்சின் உடனே தேறிக்கொண்டது. டுக் டுக் டுக்.

"என்ன ஆச்சு? அடைம்மா! அடை!" லோர்ன் கத்தினார். "நேரம் போயிட்டிருக்கு!"

தமாரா அசையவில்லை. காலுக்குக் கீழே எங்கோ எல்டன் தன் மூச்சால் தனக்கே கண்ணாடிக் கிண்ணம் கட்டிக்கொண்டிருந்தான். கைக்கு எதிரே அவள் தம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், ஒரு வருஷத்துக்குப் பிறகு. இதில் எந்த மூச்சை நிறுத்துவது? கிடக்கட்டும் என்றது மனம். எல்டனும் கிடக்கட்டும், கேட்டுக்கொண்டே கிடக்கட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அது இனித்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மன்னிச்சிருடா கண்ணா" என்றாள்.

இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் முழு எடையையும் சாய்த்து அடைத்தாள்.

அது அடங்க மறுத்தது. வண்டி முழுதும் நடுங்கியது. உள்ளங்கைக்குள் வாய் திறந்தது, மூடியது, கம்பளியைக் கவ்வியது. அவள் கண்ணை இறுக்கி மூடி, சின்ன வயதில் அவனைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டைப் பாடினாள். அழுத்தத்தை மட்டும் தளர்த்தவில்லை. கடைசியாக ஒரு நீண்ட மூச்சு விரலிடுக்கில் வழிந்தது.

அமைதி.

"பிடிச்சிருச்சு! இங்க! இங்கதான்!" யாரோ அலறினார்கள். ஷவல்கள் பனியைக் கிழித்தன. நீலம் பாரித்த முகத்தோடு எல்டனை வெளியே இழுத்தபோது அவன் இருமினான். உயிர் இருந்தது. விறைத்த கையில் நிறுத்துக் கயிற்றின் மூடியை இறுகப் பிடித்திருந்தான்.

*

மறுநாள் ஆஸ்பத்திரியில் தமாரா அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்துவிட்டு, அவன் கிசுகிசுத்தான்.

"தலைக்கு மேலயே எஞ்சின் சத்தம் கேட்டுச்சுக்கா. நீங்க நடக்குறது, பேசுறது, எல்லாம் கேட்டுச்சு. கத்துனேன். தொண்ட கிழியக் கத்துனேன்."

"பேசாம படுடா."

"பக்கத்துல ஒருத்தன் இருந்தான்க்கா."

அவள் கை அவன் போர்வையைப் பற்றியது.

"'கத்தாதடா'ன்னு சொன்னான். 'அது ஓடுற வரைக்கும் மேல கேக்காது. நானும் கத்திப் பாத்தேன்'னான். என் கையப் பிடிச்சுக்கிட்டான். மேல எஞ்சின் நின்னுச்சு பாரு..." எல்டன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அப்பவே அவன் மூச்சும் நின்னுபோச்சு."

தமாரா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். குழாயில் கேட்ட குரலைப் பற்றி யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

அந்த வண்டி இப்போது அவள் பட்டறையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மற்றவர்களின் வண்டிகளை வரவழைத்து எல்லா டைமரையும் பிடுங்கிவிட்டாள். பீக்கன் மறுபடி ஊமையாக ஆணியில் தொங்குகிறது.

அந்தக் கம்பளிக் கையுறையைத்தான் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று வந்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டாள். போர்ஷ்ட் கொதிக்கும் ஆவி அதன்மேல்தான் படுகிறது. மார்ச் பிறந்துவிட்டது, கூரைப்பனிகூட ஒழுகத் தொடங்கிவிட்டது. கையுறையின் உள்ளங்கையில் மட்டும் பனிக்கட்டி உருகவில்லை. மூக்கும் வாயுமாக ஒரு குழிவு, கண்ணாடிபோல.

தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். குழிவின் உட்பக்கம் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கிறது.